ஏ.ஐ. கூண்டில் ஏறுமா? எல்லைப்பக்கத்துக் குற்ற வழக்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் கேஸ் என்று வருகிறவர்கள் இப்போது வாயைத் திறப்பதற்கு முன்னால் போனை நீட்டுகிறார்கள். "இதப் பாருங்க வக்கீல் சார், எல்லாம் இதுல இருக்கு." வருகிறவர்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழர்கள். சம்பவம் நடந்தது பொள்ளாச்சி ரோட்டில், ஸ்டேஷன் கேரளத்தில், காகிதமெல்லாம் மலையாளத்தில். கொஞ்ச நாளாக இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "இது ஏ.ஐ.ங்கிறாங்களே சார், நிக்குமா?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது. பொதுவான விளக்கம்தான், உங்கள் கேஸ் கட்டைப் பார்த்துச் சொல்லவேண்டியதை உங்கள் வக்கீல்தான் சொல்லவேண்டும்.

ஏ.ஐ. சொன்னதை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியுமா?

முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சாட்சியச் சட்டத்துக்குப் பெயர் பாரதிய சாக்ஷ்ய அதிநியம். மலையாளிகள் சமாளித்துவிடுகிறார்கள், நமக்குத்தான் நாக்கு சுளுக்குகிறது, கோர்ட்டில் பி.எஸ்.ஏ. என்றே சொல்கிறோம். அதில் ஏ.ஐ. என்ற பேச்சே கிடையாது. ஸ்மார்ட்போனில் உள்ளது, மெசேஜ், இருப்பிடத் தகவல், வாய்ஸ் மெயில் எல்லாம் 'ஆவணம்' என்கிறது, அவ்வளவுதான். ஆவணம் என்றால் அதை யாராவது வந்து நிரூபிக்க வேண்டும்.

மெஷின் கூண்டில் ஏறாது, சத்தியம் செய்யாது, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லாது. அதை ஓட்டியவர் ஏறவேண்டும். "இந்த முடிவுக்கு இது எப்படி வந்தது?" என்று நான் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவேண்டும். "சாஃப்ட்வேர் அப்படிக் காட்டுச்சு" என்பதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லையென்றால் அது துப்பு, சாட்சியம் ஆகவில்லை. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றியவைதான்.

அப்படியானால் போலீஸ் ஏ.ஐ.யைப் பயன்படுத்துவதே தப்பா?

தப்பே இல்லை. துப்புத் துலக்க ஜோசியத்தைத் தவிர எதை வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்பேன். நம் மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் கொல்லம் மாவட்டம் அஞ்சல் பக்கத்தில் ஓர் இளம் தாயும் அவருடைய பச்சிளம் இரட்டைக் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரும் ராணுவத்தில் இருந்தவர்கள், தலைமறைவானார்கள். கேரள போலீஸின் தொழில்நுட்பப் பிரிவு அவர்களுடைய பழைய போட்டோவை ஏ.ஐ.யில் கொடுத்து, 'இத்தனை வருடம் கழித்து இந்த முகம் எப்படி இருக்கும்' என்று வரையவைத்து, சமூக ஊடகப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. 2025 ஜனவரியில் சி.பி.ஐ. அந்த இருவரையும் புதுச்சேரியில் பிடித்தது. வேறு பெயரில், வேறு வாழ்க்கையில் இருந்தார்கள்.

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் கவனியுங்கள், அந்தப் படம் வீட்டு வாசல் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போனது. அவர்கள்தான் செய்தார்களா என்பதை வழக்கமான சாட்சியங்களை வைத்துத்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். கணினி வரைந்த வயதான முகத்தைக் காட்டி யாருக்கும் தண்டனை வாங்கித்தர முடியாது.

63 சர்ட்டிஃபிகேட் என்கிறார்களே, அது என்ன?

பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்துப் பழைய ஆட்கள் 65பி என்பார்கள். போன், கம்ப்யூட்டர், கேமரா இவற்றிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்தால், 'இது இந்தக் கருவியில் இருந்ததுதான், கருவி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது' என்று ஒரு சான்றிதழ் கூடவே வேண்டும். இப்போதைய சட்டத்தில் இது 63வது பிரிவு.

இந்தச் சட்டம் இறுகியதற்கே ஒரு கேரள வழக்குதான் காரணம். 2011 சட்டமன்றத் தேர்தலில் மலப்புரம் மாவட்டத்து ஏறநாடு தொகுதியில் தோற்ற பி.வி. அன்வர், ஜெயித்த பி.கே. பஷீர் மீது தேர்தல் வழக்குப் போட்டார். பிரசாரப் பாட்டு, பேச்சு என்று சிடி சிடியாகக் கொடுத்தார். சான்றிதழ் இல்லை. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 'சான்றிதழ் இல்லாத நகலைப் பார்க்கவே மாட்டோம்' என்று சொல்லிவிட்டது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் கொடுத்திருந்த தளர்வு அதோடு போனது. நடுவில் 2018இல் இன்னொரு அமர்வு கொஞ்சம் இளக்கியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் மறுபடி முடிச்சைப் போட்டார்கள். அசல் கருவியையே கொண்டுவந்து, அதன் சொந்தக்காரர் கூண்டில் ஏறிச் சொன்னால் சான்றிதழ் தேவையில்லை. நகல் என்றால் தேவை.

புதுச் சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பாகம். முதல் பாகத்தில் கருவியை வைத்திருந்தவர் கையெழுத்து. இரண்டாம் பாகத்தில் நிபுணர் கையெழுத்து. அந்த நிபுணர் யார், கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருப்பவர் தன் கடை சிசிடிவிக்காக அவரை எங்கே போய்த் தேடுவார் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 2024 ஜூலைக்கு முன்பே நடந்துகொண்டிருந்த வழக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

சான்றிதழில் ஹாஷ் என்று நீளமாக ஏதோ எழுதியிருக்கிறதே?

அதைக் கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை ஒரு கணக்குக்குள் போட்டால் அறுபத்து நான்கு எழுத்து, எண் கொண்ட ஒரு வரிசை வரும். ஷா-256 என்று ஒரு முறை. சான்றிதழ்ப் படிவத்தில் எம்டி5, ஷா-1 என்றும் கட்டங்கள் இருக்கும். வீடியோவில் ஒரே ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றிவிட்டு மறுபடி கணக்குப் போட்டால் வரிசை முழுக்க வேறாக வரும். அதனால் போலீஸ் எடுத்த அன்றைக்கு எழுதிய வரிசையும் கோர்ட்டில் திறக்கும்போது வரும் வரிசையும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை.

இங்கேதான் நிறையப் பேர், ஏன், சில வக்கீல்களே தடுமாறுகிறார்கள். ஹாஷ் சொல்வது 'அன்றைக்கு எடுத்ததும் இன்றைக்குப் பார்ப்பதும் ஒன்று' என்பதை மட்டும். அன்றைக்கு எடுத்ததே போலியாக இருந்தால்? போலி வீடியோவுக்கும் அழகான ஹாஷ் வரும். கள்ளநோட்டைக் கவரில் போட்டு அரக்கு வைத்துச் சீல் அடித்தால், சீல் உடையாததால் நோட்டு நல்ல நோட்டு ஆகிவிடுமா? 63வது பிரிவு சான்றிதழ் அந்த அரக்கு மாதிரி. உள்ளே இருப்பது நிஜமா என்பது தனி விசாரணை.

சம்பவ வீடியோ என் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. உங்களுக்கு ஃபார்வர்டு செய்தால் போதாதா?

எனக்குப் புரிவதற்குப் போதும். கோர்ட்டுக்குப் போதாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோ சுருங்குகிறது, எந்தப் போனில், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற உள்விவரம் போய்விடுகிறது, ஹாஷும் மாறுகிறது. எடுத்த போன் எதுவோ அதுதான் முக்கியம். அதை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், வீடியோவின் முன்பின்னை வெட்டாதீர்கள், தெளிவாகத் தெரியட்டும் என்று எந்த ஆப்பிலும் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் பளிச்சென்று ஆக்கிக் கொண்டுவந்து நல்ல சாட்சியத்தைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடை சிசிடிவி என்றால் அவசரம். டிவிஆர், அதாவது கேமரா பதிவு சேரும் பெட்டி, நிரம்பியதும் பழையதை அழித்து மேலே எழுதிவிடும். சின்ன ஹார்டு டிஸ்க் என்றால் பத்துப் பதினைந்து நாளில் போய்விடும். அப்புறம் கடிகாரம். ஒரு தடவை வேலந்தாவளம் ரோட்டில் ஒரு கடையின் டிவிஆரைப் பார்க்கப் போனேன். திரையின் மூலையில் 9:52. என் போனில் 9:41. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பதினொரு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வழக்கில் 'எட்டரைக்கு அவன் பஸ்ஸில் இருந்தானா, கடை முன்னால் நின்றானா' என்பதுதான் சண்டையே. மஹஸர், அதாவது பார்த்ததையும் கைப்பற்றியதையும் போலீஸ் எழுதும் குறிப்பு, எழுதும்போது டிவிஆர் நேரத்தையும் நிஜ நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி எழுதாமல் போனதால் நாறிப்போன கேஸ்கள் உண்டு.

எதிர்த்தரப்பு "இந்த வீடியோவே ஏ.ஐ. செய்தது" என்று சொல்லிவிட்டால்?

சொல்வது சுலபம். இப்போது மாட்டிக்கொண்ட எல்லாருமே முதலில் சொல்வது இதைத்தான். நிஜமாக எடுத்த வீடியோவைப் போலி என்று தள்ளிவிடப் பார்ப்பதும், போலியை நிஜம் என்று நம்பவைப்பதும் ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம். வெறும் வாய்வார்த்தைக்காக எந்தக் கோர்ட்டும் வீடியோவைத் தூக்கி எறியாது. கொஞ்சமாவது அடிப்படை காட்டவேண்டும்.

பார்க்கப்போனால் ஒலிநாடா காலத்திலேயே இதற்கு வழி போட்டுவைத்திருக்கிறார்கள். 1985இல் ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குரல் யாருடையது என்று அடையாளம் காட்டவேண்டும், பதிவு சரியானது என்று நிரூபிக்க வேண்டும், வெட்டி ஒட்டியிருக்க வாய்ப்பே இருக்கக்கூடாது, சீல் வைத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பேச்சு தெளிவாகக் கேட்கவேண்டும். நாடா போய் மெமரி கார்டு வந்தாலும் கேள்விகள் மாறவில்லை. குரல் மாதிரி கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 349வது பிரிவு.

'இது ஏ.ஐ.யா' என்று கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அவையும் ஏ.ஐ.தான். 'எண்பது சதவீதம் போலி' என்று ஒன்று சொன்னால், அந்த எண்பது எதிலிருந்து வந்தது என்ற பழைய கேள்வி அதற்கும் உண்டு. அதைவிட நான் நம்புவது சாதாரண விஷயங்களை. எடுத்த போன் எங்கே? அந்த நேரத்தில் அங்கே வேறு யார் இருந்தார்கள்? பின்னால் தெரியும் பெட்டிக்கடை போர்டு அன்றைக்கு அங்கே இருந்ததா? வெயில் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது?

போலி முகத்தை வைத்து ஏமாற்றுவது நம் பக்கத்தில் நிஜமாகவே நடந்திருக்கிறதா?

2023 ஜூலையில் கோழிக்கோட்டில் நடந்தது. ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியரின் முகத்தோடு வாட்ஸ்அப் வீடியோ கால் வந்தது. ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்லி 40,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மறுபடியும் கேட்டபோது சந்தேகம் வந்து நிஜ நண்பருக்கே போன் போட்டிருக்கிறார், அப்போதுதான் தெரிந்தது. உடனே புகார் கொடுத்ததால் போலீஸால் பணத்தை மடக்க முடிந்தது. சைபர் மோசடி என்றால் 1930. முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் காசு.

மங்கலான நம்பர் பிளேட்டை ஏ.ஐ. வைத்துத் தெளிவாக்கினால் ஏற்பார்களா?

இதில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு: ஏற்கக்கூடாது.

ராத்திரி ஓடிய ஒரு வண்டி. பிளேட்டில் கே.எல். 70 என்பது வரைக்கும் தெரிகிறது. நம்ம சித்தூர் வண்டி. அடுத்த நான்கு இலக்கத்தில் கடைசியில் இருப்பது 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்கு மேல் அங்கே ஒன்றுமே பதிவாகவில்லை. வெளிச்சத்தைக் கூட்டுவது, பெரிதாக்குவது எல்லாம் இருப்பதைக் காட்டும் வேலை. ஏ.ஐ. அப்படிச் செய்வதில்லை. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்த பழக்கத்தில் 'இங்கே 8 இருந்தால் பொருத்தமாக இருக்கும்' என்று தானாக 8 வரைந்துவிடும். பிசிறில்லாமல், பளபளவென்று வரையும். பார்க்கிறவர் அதற்குமேல் சந்தேகமே படமாட்டார், ஆபத்தே அதுதான். 3 என்று முடியும் வண்டிக்காரர் வீட்டில் தூங்குவார், 8காரர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பார்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில் இப்படி ஏ.ஐ.யால் மெருகேற்றிய வீடியோவைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பே கொண்டுவந்தது. 2024இல் நீதிபதி அதை அனுமதிக்கவில்லை. அந்தத் துறையில் உள்ளவர்கள் இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. நம் கோர்ட்டில் யாராவது மெருகேற்றியதைக் கொண்டுவந்தால் முதலில் மூலப் பதிவைக் கேளுங்கள். மூலத்தில் இல்லாத எதுவும் சாட்சியம் ஆகாது.

கேமரா என் தம்பி முகத்தோடு பொருந்துகிறது என்கிறார்கள். அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை. முக அடையாள சாஃப்ட்வேர் 'இவர்தான்' என்று சொல்வதில்லை. 'கையில் உள்ள படங்களில் இது மிக நெருக்கம்' என்கிறது. எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வது என்பதை ஆள்தான் முடிவு செய்கிறார். டெல்லி போலீஸ் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் பொருத்தமாக எடுத்துக்கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. மற்ற 20ஐ யார் சுமப்பது? 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் ஒருவரை இப்படித்தான் மனைவி, குழந்தைகள் கண் முன்னால் கைது செய்து கொண்டுபோனார்கள். கடைத் திருட்டு கேஸ். ஆள் அவரில்லை.

பலரை வரிசையில் நிறுத்திச் சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்புக்கே நம் சட்டத்தில் வரம்பு உண்டு. சாட்சி கோர்ட்டில் நின்று கைகாட்டுவதுதான் நிஜ அடையாளம். இதில் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். சாஃப்ட்வேர் எடுத்துக் கொடுத்த போட்டோவைச் சாட்சியிடம் அணிவகுப்புக்கு முன்பே காட்டினார்களா? காட்டியிருந்தால், அவர் அணிவகுப்பில் கண்டுபிடித்தது போட்டோவில் பார்த்தவரை. சம்பவ இடத்தில் பார்த்தவரை என்று சொல்ல முடியாது.

ரோட்டில் இருக்கும் ஏ.ஐ. கேமராவும் இதே வகைதானா?

அது ஹெல்மெட், சீட் பெல்ட் அபராதத்துக்கு. 2023 ஜூன் 5 முதல் கேரளம் முழுக்க அபராதம் போடத் தொடங்கினார்கள். 726 கேமராவில் 675 ஏ.ஐ. கேமரா. கேமரா பிடித்ததைக் கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் பார்த்த பிறகே நோட்டீஸ் போகவேண்டும். தமிழ்நாட்டு வண்டிக்குப் பொருந்தாது என்று மீனாட்சிபுரம் டீக்கடையில் சொல்வதை நம்பாதீர்கள்.

டவர் லொக்கேஷன் வைத்து நான் அங்கே இருந்ததாகச் சொல்கிறார்கள். நான் இல்லை.

எல்லையில் இருக்கிறவர்கள் இதைக் கவனமாகப் பார்க்கவேண்டும். சி.டி.ஆர். என்ற அழைப்பு விவரத்தில் இருப்பது உங்கள் போன் எந்த டவரை, அதன் எந்தப் பக்கத்தைப் பிடித்தது என்பது மட்டும். அந்தப் பட்டியலைச் சாஃப்ட்வேரில் போட்டால் அழகாக மேப்பில் கோடு இழுத்து, புள்ளி வைத்துக் காட்டும். புள்ளியைப் பார்த்ததும் நீங்கள் அங்கேயே நின்ற மாதிரி இருக்கும். நிஜத்தில் அது டவர் நிற்கும் இடம். நீங்கள் அதைச் சுற்றி எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். திறந்த தென்னந்தோப்பு நாட்டில் டவர் கிலோமீட்டர் கணக்கில் எட்டும்.

கோபாலபுரத்தில் சொந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் பாலக்காட்டில் மேப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு 'ராத்திரி பதினொன்றுக்கு எல்லை தாண்டிப் போனவர்' நீங்கள். போன் கம்பெனிகள் இந்த விவரத்தை இரண்டு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சம்பவத்துக்கு முந்தைய மாதங்களின் பட்டியலையும் வரவழைக்கச் சொல்லி மனுப் போடலாம். வீட்டில் தூங்கிய ராத்திரிகளிலும் அதே டவர் வந்திருந்தால் மேப்பின் கதை அங்கேயே முடிந்தது.

நான் தமிழில் சொன்னேன். மெஷின் மலையாளத்தில் எழுதியது. தப்பாக எழுதியிருந்தால்?

எனக்கு மிகவும் கவலை தருவது போலி வீடியோ இல்லை, இதுதான்.

2025 நவம்பர் 1 முதல் கேரளத்தின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சிகள் சொல்வதை எழுத்தாக்க அதாலத்.ஏஐ என்ற பேச்சு-எழுத்துக் கருவியைப் பயன்படுத்த உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேகத்துக்கு நல்லது. ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பேச்சு. தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும் வாக்கியங்கள். மெஷின் மட்டுமில்லை, திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஸ்டெனோவும் இதில் வழுக்குவார்.

உதாரணம் சொல்கிறேன். "அவன் என்னைத் தள்ளினான்." நம்மில் நிறையப் பேர் ள-வை ல-வாகத்தான் சொல்வோம்: "தல்லினான்." மலையாளத்தில் தல்லி என்றால் அடித்தான். தள்ளுவது வேறு சொல். ஒரு எழுத்து மாறியதில் நெரிசலில் தள்ளியவர் அடிதடிக் கேஸில் நிற்கிறார்.

இன்னொன்று. "நான் அவர்கிட்ட கேட்டேன்." தமிழில் கேட்பது என்றால் கேள்வி கேட்பதும் உண்டு, காதால் கேட்பதும் உண்டு. மலையாளத்தில் கேட்டு என்றால் காதில் விழுந்தது மட்டும். கேள்விக்குச் சோதிச்சு என்று தனிச் சொல். 'அவரிடம் நேராகக் கேட்டேன்' என்று நீங்கள் சொன்னது 'அவரிடமிருந்து கேள்விப்பட்டேன்' என்று பதிவானால், நேரடி சாட்சி கேள்விப்பட்ட சாட்சி ஆகிவிடுகிறார். கேள்விப்பட்டது பொதுவாகக் கோர்ட்டில் செல்லாது.

இதைவிட மோசம், போதைப்பொருள் கேஸ்களில். ஆட்டுக்கு ஆபரேஷன் செய்யும் ஓர் உதவியாளர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புகிறார்: "மயக்க மருந்து ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாங்கண்ணே." நமக்கு அது ஊசி போட்டு உணர்வில்லாமல் ஆக்கும் மருந்து. மலையாளத்தில் மயக்குமருந்நு என்றால் கஞ்சா, அபின் வகை. மொழிபெயர்ப்புக் கருவிக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஆச்சரியமில்லை. அந்த ஒரு வரி குற்றப்பத்திரிகையில் ஏறினால், அதை இறக்க மாதக்கணக்கில் ஆகும்.

என்ன செய்யலாம்? நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்து, உங்களுக்குப் புரியாத மொழியில் சாட்சியம் போனால், உங்களுக்குப் புரியும் மொழியில் திறந்த கோர்ட்டிலேயே விளக்கவேண்டும், பி.என்.எஸ்.எஸ். 314. நீங்கள் சாட்சி என்றால், எழுதியதைப் படித்துக் காட்டவேண்டும், மொழி தெரியாவிட்டால் பெயர்த்துச் சொல்லவேண்டும், தப்பு என்றால் நீங்கள் திருத்தச் சொல்லலாம், 313. படித்துக் காட்டும்போது மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். "ஐயா, தள்ளினான்னு சொன்னேன், அடிச்சான்னு சொல்லல" என்று அப்போதே சொல்லவேண்டும். விசாரணையின்போது போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டால் போடவேண்டியதில்லை. சட்டமே வேண்டாம் என்கிறது. போனில் உள்ள தமிழ்ப் பேச்சை மொழிபெயர்த்துத் தாக்கல் செய்தால், மூல ஒலியையும், மொழிபெயர்த்தது ஆளா மெஷினா என்பதையும் கேளுங்கள். மெஷின் என்றால் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவரைச் சாட்சியாக அழைக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தமிழ் தெரியுமா என்பது என் முதல் கேள்வியாக இருக்கும்.

நீதிபதியே ஏ.ஐ.யைக் கேட்டுத் தீர்ப்பு எழுதுவாரா?

கேரளத்தில் கூடாது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு இதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் இதுதான் முதல். தீர்ப்பு, உத்தரவு, முடிவு எதற்கும் ஏ.ஐ.யைச் சாரக்கூடாது, அனுமதித்த கருவிகளைத் தவிர வேறு தொடக்கூடாது, வெளியில் உள்ள சாட்ஜிபிடி போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது சாரம். 2023இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனுவில் சாட்ஜிபிடியிடம் பொதுவான கேள்வி ஒன்று கேட்டார்கள். வழக்கின் தகுதியைப் பற்றி அதைக் கேட்கவில்லை என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கிறார்கள்.

நானே சாட்ஜிபிடியில் கேட்டு நான்கு தீர்ப்பு எடுத்து வந்திருக்கிறேன், பார்க்கிறீர்களா?

பார்க்கிறேன். ஆனால் முதலில் அவை இருக்கின்றனவா என்று பார்ப்பேன். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அது கற்பனையாக உண்டாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இன்னொன்று, கேஸ் விவரத்தையும் பெண்கள், குழந்தைகள் பெயரையும் அதில் தட்டாதீர்கள்.

பொய்யா நிஜமா என்று மூளையைப் படிக்கும் மெஷினில் உட்கார வைப்பார்களா?

உங்கள் சம்மதம் இல்லாமல் முடியாது. நார்கோ (மருந்து கொடுத்துப் பேசவைப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டுபிடிக்கும் கருவி), மூளை அலைப் பரிசோதனை மூன்றுக்கும் 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஏ.ஐ. என்று புதுப் பெயர் வைத்துக் கொண்டுவந்தாலும் அதே பதில்தான் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

அவர்கள் கையில் இருக்கும் வீடியோவை நாங்கள் பார்க்க முடியுமா?

முடியும். குற்றப்பத்திரிகையோடு சேர்ந்த ஆவணங்களின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாளுக்குள் இலவசமாகக் கொடுக்கவேண்டும்; பி.என்.எஸ்.எஸ். 230வது பிரிவு. மெமரி கார்டில் உள்ளதும் ஆவணம்தான் என்று 2019 நவம்பரில் ஒரு கேரள வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் இருந்ததால் நகல் கொடுக்கவில்லை. வக்கீலும் நிபுணரும் வந்து பார்க்கலாம் என்று மட்டும் அனுமதித்தது. எனக்கு அந்த முடிவு சரியாகவே பட்டது.

ஏ.ஐ. கருவி எதையாவது பயன்படுத்தியிருந்தால் கருவியின் பெயர், எந்தப் பதிப்பு, என்ன கொடுத்தார்கள், வேறு என்னென்ன முடிவுகள் வந்தன என்று எழுத்தில் கேட்டு மனுப் போடுகிறோம். முகப் பொருத்தத்தில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் யார் முகம் வந்தது என்பது நாங்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி.

போலீஸ் என் போனை எடுத்துக்கொண்டு போனால்?

மஹஸரில் போனின் மாடல், ஐஎம்இஐ எண், சிம் எண், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறதா பாருங்கள். மலையாளம் படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கவேண்டும் என்பது பி.என்.எஸ்.எஸ். 105வது பிரிவு. ஸ்டேஷனில் நடந்தது பற்றித் தகராறு வந்தால், ஸ்டேஷன் சிசிடிவி பதிவைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு இருக்கிறது. கேட்கத் தாமதிக்காதீர்கள்.

சம்பவம் தமிழ்நாட்டில், வீடு கேரளத்தில். எந்த ஸ்டேஷன்?

எதுவானாலும் சரி. இது எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பி.என்.எஸ்.எஸ். 173வது பிரிவில் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பவேண்டும்.

வக்கீலுக்கும் நிபுணருக்கும் கொடுக்கக் காசு இல்லை.

15100க்குக் கூப்பிடுங்கள், சட்ட சேவை ஆணையத்தின் எண். இல்லையென்றால் எந்தக் கோர்ட் வளாகத்திலும் சட்ட சேவைக் கமிட்டி எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். தமிழிலேயே பேசலாம், இந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியாமல் போகாது. வரும்போது எஃப்.ஐ.ஆர். நகல், ஆதார், வீடியோ எடுத்த அதே போன் இவற்றைக் கொண்டுவாருங்கள். சார்ஜரும் வேண்டும். போன வாரம் ஒருவர் சாட்சியத்தைக் காட்ட எருத்தேம்பதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார்; வந்து சேர்ந்தபோது போன் செத்துக் கிடந்தது, அந்தப் பழைய மாடலுக்கு ஏற்ற ஒயர் ஆபீசில் ஒருவரிடமும் இல்லை.